பெங்களூரைச் சுற்றி ஒரே நாளில் ஏறி இறங்கக்கூடிய மலைகள்: அப்பாவும் தம்பியும் வருகிறார்கள், எங்கே போகலாம்?

வேலூர் வாணி
திங்கள், இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். வைட்ஃபீல்டில் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. அறை, அலுவலகம், திரும்பவும் அறை என்றே நாட்கள் போகின்றன. இந்த வாரம் சனி, ஞாயிறுக்கு அப்பாவும் தம்பியும் ஊரிலிருந்து வருகிறார்கள். மாலுக்குக் கூட்டிப்போக மனமில்லை. காலையில் கிளம்பி ஒரு மலை ஏறி இறங்கி, இருட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும்.

அப்பாவுக்கு 61 வயது. பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். தினமும் காலையில் நாலு கிலோமீட்டர் நடப்பார், ஆனால் படி இறங்கும்போது இடது முட்டி வலிக்கும். "பாலாறு நந்தி மலைப்பக்கம் பிறக்குதுன்னு முப்பது வருஷம் பாடம் நடத்தியிருக்கேன், அந்த மலையை ஒரு தடவைகூடப் பார்த்ததில்ல" என்று போனில் சொன்னார். தம்பி கல்லூரி இரண்டாம் ஆண்டு. ரீல்ஸில் எதையோ பார்த்துவிட்டு சாவனதுர்கா, சாவனதுர்கா என்று ஒரே பிடிவாதம்.

எங்களிடம் வண்டி இல்லை. இரண்டு பேருக்கும் பொருந்துகிற மாதிரி எங்கே போகலாம்? முன்பதிவு வேண்டுமா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

மலையேறி மணி
திங்கள், இரவு 11.15

வாணி, ஒரே மலையில் இரண்டு பேருடைய ஆசையையும் தீர்க்கப் பார்க்காதீர்கள். சனிக்கிழமை அப்பாவுக்கு, ஞாயிற்றுக்கிழமை தம்பிக்கு என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

பதினாலு வருஷமாக இந்த மலைகளில் ஏறுகிறேன். திசையை வைத்து யோசித்தால் குழப்பம் வராது. வடக்கே நந்தி மலை, அதற்கு எதிரே ஸ்கந்தகிரி, தொட்டபள்ளாபுரம் தாண்டி மாகளிதுர்கா. தும்கூர் சாலையில் சிவகங்கை (நம் ஊர் சிவகங்கை இல்லை). மேற்கே மாகடி பக்கம் சாவனதுர்கா, மைசூர் சாலையில் ராமநகரம். கிழக்கே கோலார் அந்தரகங்கை. எல்லாமே நகரத்திலிருந்து ஐம்பது முதல் எழுபது கிலோமீட்டருக்குள் வந்துவிடும்.

அப்பாவுக்கு நந்திதான். பாலாறு என்ற காரணம் ஒன்றே போதும். உயரம் 1478 மீட்டர். மேலே வரை தார்ச்சாலை உண்டு, ஆனால் சனி ஞாயிறு அந்தச் சாலையில் கார்களும் பைக்குகளும் கொண்டை ஊசி வளைவு வரை நின்றுகிடக்கும். நடக்கப் பிரியம் உள்ளவர் என்றால் சுல்தான்பேட்டை பக்கத்துப் பழைய கல்படிகளில் ஏறச் சொல்லுங்கள். ஆயிரத்து எழுநூறுக்கு மேல் படிகள். பாதி வழி மர நிழல். கோட்டைச் சுவரை ஒட்டிப் போய் மேலே சேரும். மெதுவாக ஏறினால் இரண்டு மணி நேரம். இறங்கும்போது முட்டியை நினைத்துப் பாருங்கள்: ஏறுவது படியில், இறங்குவது வண்டியில் என்று வைத்துக்கொள்ளலாம்.

தம்பிக்கு ஏன் சாவனதுர்கா வேண்டாம் என்று நான் நினைக்கிறேன் என்பதை நாளை எழுதுகிறேன். இப்போது கண் சொக்குகிறது.

தங்கவயல் தம்பி
செவ்வாய், காலை 7.05

வாணி அக்கா, நான் கோலார் தங்கவயலில் பிறந்தவன். பாலாறு என்று சொன்னதால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நந்தி மலைத்தொடரைச் சுற்றித்தான் அர்க்காவதி, பாலாறு, தென்பெண்ணை, வடபெண்ணை, சித்ராவதி, பாபாக்னி எல்லாம் பிறக்கின்றன. அர்க்காவதி தெற்கே போய்க் காவிரியில் சேர்கிறது. தென்பெண்ணை ஓசூர், கிருஷ்ணகிரி, சாத்தனூர் வழியாகக் கடலூர்ப் பக்கம் கடலுக்குப் போகிறது. பாலாறு சுமார் 348 கிலோமீட்டர் நீளம். அதில் 222 கிலோமீட்டர் தமிழ்நாட்டில்.

ஆனால் அப்பாவிடம் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நந்தி மலை உச்சியில் நின்றால் ஆறு ஊற்றெடுத்து ஓடுவதைப் பார்க்க முடியாது. பாலாறு அந்தத் தொடரின் கிழக்கு ஓடைகளும் ஏரிகளும் சேர்ந்து உருவாகிற ஆறு. ஒரு ஏரி நிரம்பி மறுகால் போய் அடுத்த ஏரியில் விழும், அப்படியே ஆறாகும். எங்கள் தங்கவயலுக்கு நூறு வருஷத்துக்கு மேலாகக் குடிநீர் கொடுத்தது பாலாற்றின் பேத்தமங்கலம் ஏரி. ஆறாகப் பார்க்க ஆசைப்பட்டால் அங்கேதான் வர வேண்டும். மலையில் பார்ப்பது, அந்த மழை முதலில் விழும் இடம்.

வேலூர் வாணி
செவ்வாய், காலை 8.30

தம்பி, இதை அப்படியே அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "பேத்தமங்கலம்னு எழுதி வச்சுக்கோ" என்றார். எங்கள் தெரு முனையிலிருந்து பார்த்தால் பாலாறு மணல்கூட இல்லாமல் வெறும் கட்டாந்தரையாகக் கிடக்கும். 2021 நவம்பரில்தான் நான் அதில் கரை முட்டத் தண்ணீரைப் பார்த்தேன். அன்றைக்கு ஊரே பாலத்தில் நின்றது.

நீலா ஜெயநகர்
செவ்வாய், மதியம் 1.20

நந்தி போவதானால் அடிவாரத்தில் நந்தி கிராமத்துப் போகநந்தீஸ்வரர் கோயிலை விட்டுவிடாதீர்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் தொடங்கிய கோயில். நுளம்பர், கங்கர், சோழர், ஒய்சளர், விஜயநகரத்தார் என்று ஒவ்வொருவரும் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். ஆசிரியராக இருந்தவர் என்றால் அங்கிருந்து கிளப்புவதுதான் கஷ்டமாக இருக்கும். உள்ளே நாலு பக்கமும் படியிறங்கும் குளம் ஒன்று இருக்கிறது, சிருங்கி தீர்த்தம் என்று பெயர். பெண்ணையாறு அங்கேதான் பிறக்கிறது என்பது அந்த ஊர் நம்பிக்கை. மலை மேலே இருப்பது யோகநந்தீஸ்வரர். மேலே அமிர்த சரோவரம் என்று ஊற்றுநீர் தேங்கும் குளமும் உண்டு. 1927-இல் காந்தி உடல்நலம் தேறுவதற்காகத் தங்கிய வீடும் அங்கேதான்.

போன வருஷம் எட்டு வயது மகளோடு சிவகங்கை போனேன். அதைப் பற்றியும் சொல்கிறேன், ஏனென்றால் "சின்ன மலை, குடும்பத்தோடு போகலாம்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். கங்காதரேஸ்வரர் கோயில் வரை சரி. அங்கே லிங்கத்தின் மேல் தேய்க்கும் நெய் வெண்ணெயாகத் திரள்கிறது என்று பிரசாதமாகத் தருவார்கள். ஒளகல் தீர்த்தத்தில் பாறைத் துளைக்குள் கைவிட்டுத் தண்ணீர் தொடுவதற்குப் பெரிய வரிசை. அதற்கு மேலேதான் விஷயம். கடைசிப் பகுதியில் பாறையில் வெட்டிய படி, இரும்புக் கம்பியைப் பிடித்து ஏற வேண்டும். ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் அதே ஒற்றை வழி. என் மகள் ஒரு இடத்தில் நின்றுவிட்டாள், பின்னால் முப்பது பேர். யாரும் கோபப்படவில்லை என்றாலும் எனக்குக் கை நடுங்கிவிட்டது. குரங்குகள் வேறு. கையில் பாலிதீன் பை இருந்தால் உங்களுடையது இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை: இந்த மலைகளில் மேலே கழிப்பறை கிடையாது (நந்தி மட்டும் விதிவிலக்கு). அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் ஏறுகிற எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். அது ஆபத்து. அடிவாரத்துக்கு முன்னால் நெடுஞ்சாலை ஹோட்டலில் நின்று போய்விட்டு, மலையில் தாராளமாகக் குடியுங்கள்.

மலையேறி மணி
செவ்வாய், இரவு 10.02

சரி, சாவனதுர்கா.

ஒரே பாறையாக எழுந்து நிற்கும் மலை, 1226 மீட்டர். ஆசியாவிலேயே பெரிய ஒற்றைப் பாறைக் குன்றுகளில் ஒன்று என்பார்கள். கரிகுட்டா, பிளிகுட்டா என்று இரண்டு குன்றுகள். எல்லோரும் ஏறுவது கரிகுட்டா. கீழே வீரபத்திரர் கோயிலும் நரசிம்மர் கோயிலும் இருக்கின்றன. வழி என்று தனியாக ஒன்றும் கிடையாது. பாறைமேல் வெள்ளைச் சுண்ணாம்பில் அம்புக்குறி போட்டிருப்பார்கள், அதைப் பார்த்தே ஏற வேண்டும். நடுவில் பழைய கோட்டைச் சுவர்கள். உச்சியில் சின்ன மண்டபத்துக்குள் ஒரு நந்தி. 1791-இல் ஆங்கிலேயத் தளபதி கார்ன்வாலிஸின் படை திப்புவிடமிருந்து பிடித்த கோட்டை இது.

எனக்கு மிகவும் பிடித்த மலை. ஐம்பது தடவைக்கு மேல் ஏறியிருப்பேன். அப்படியும் முதன்முதலாக மலை ஏறுகிறவனை அங்கே அனுப்ப மாட்டேன். ஏறுவது எளிது, உற்சாகத்தில் கை கால் ஊன்றி ஏறிவிடலாம். இறங்கும்போதுதான் கீழே உள்ளது தெரியும். நிழல் ஒரு பொட்டு கிடையாது. பாறை பத்து மணிக்கே சுட ஆரம்பித்துவிடும். இப்போது அக்டோபர், மதியத்துக்குமேல் இடி மழை வரும் பருவம். நனைந்த சாவனதுர்காவில் நிற்கவே முடியாது.

போயே ஆக வேண்டும் என்றால்: காலை ஏழு மணிக்குள் முதல் அடி, பதினோரு மணிக்குள் கீழே. ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், இரண்டு பாக்கெட் ஓஆர்எஸ். அடிப்பாகம் தேய்ந்த ஷூ வேண்டவே வேண்டாம். அம்புக்குறி கண்ணில் படவில்லை என்றால் நில்லுங்கள், கடைசியாகப் பார்த்த அம்புக்குறிக்குத் திரும்பிப் போங்கள். குறுக்கு வழி தேடாதீர்கள்.

ரகு மடிவாளா
புதன், காலை 6.50

மணி அண்ணன் சொல்வதற்கு நானே சாட்சி.

இரண்டு வருஷம் முன்னால், பிப்ரவரி மாதம், ஒரு குழுவோடு பணம் கட்டிப் போனேன். நடத்தியவர்கள் பெயர் வேண்டாம். முப்பத்தைந்து பேருக்கு இரண்டு வழிகாட்டிகள். பேருந்து தாமதம், வழியில் இட்லிக்கு நிறுத்தம், படம் எடுக்க நிறுத்தம். ஏறத் தொடங்கும்போது மணி ஒன்பதரை. உச்சியில் பன்னிரண்டு. என்னிடம் இருந்த இரண்டு பாட்டிலும் அங்கேயே காலி.

இறங்கும்போது நாங்கள் நாலு பேர் பின்தங்கிவிட்டோம். ஒரு அம்புக்குறியைத் தவறவிட்டோம். சரிவு கொஞ்சம் கொஞ்சமாகச் செங்குத்தாகிக்கொண்டே போனது, ஒவ்வொரு அடியிலும் "அடுத்த அடி சரியாகிவிடும்" என்று தோன்றியது. ஒரு இடத்தில் கீழே போகவும் முடியவில்லை, திரும்பி மேலே ஏறவும் கால் வரவில்லை. உட்கார்ந்துவிட்டோம். பாறை உட்காரவும் விடவில்லை, அப்படிச் சுட்டது. ஒரு நண்பனுக்கு வாந்தி, அப்புறம் வேர்ப்பதே நின்றுபோனது. அதுதான் உண்மையாகவே பயந்த நேரம்.

எங்களைக் கண்டுபிடித்தது வழிகாட்டிகள் இல்லை. ஆடு மேய்க்க வந்த ஒரு பையன், பதினைந்து வயது இருக்கும். பக்கவாட்டில் எப்படிக் கால் வைப்பது என்று காட்டிக்கொண்டே ஒருவர் ஒருவராகக் கோட்டைச் சுவர் வரை கூட்டிப்போனான். தன் பாட்டில் தண்ணீரையும் என் நண்பனுக்கே கொடுத்துவிட்டான். காசு கொடுத்தேன், வாங்கவில்லை. "மேலே ஹோகபேடி சார், பிசிலு" என்று மட்டும் சொன்னான். மேலே போகாதீங்க, வெயில்.

குழுவோடு போவதானால் எத்தனை பேருக்கு எத்தனை வழிகாட்டி, கடைசி ஆளுக்குப் பின்னால் ஒருவர் வருவாரா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். நான் கேட்கவில்லை.

பாறைப்பித்தன்
புதன், மதியம் 12.45

ரகு சொன்ன இடத்தில் ஏன் அப்படி ஆகிறது என்று ஒரு விளக்கம். புவியியல் படித்தவன், இந்தப் பாறைகள்மேல் எனக்குத் தீராத ஆசை.

ராமநகரத்துக்குப் பழைய பெயர் க்ளோஸ்பேட்டை. மைசூரில் ரெசிடெண்டாக (ஆங்கிலேயரின் பிரதிநிதியாக) இருந்த பேரி க்ளோஸ் பெயரால் வந்தது. அந்த ஊர்ப் பெயரைத்தான் இந்தக் கருங்கல் பட்டைக்கு வைத்தார்கள்: க்ளோஸ்பேட் கிரானைட். வடக்கு தெற்காகச் சுமார் 400 கிலோமீட்டர், வயது சுமார் 250 கோடி வருஷம். ராமநகரத்துக் குன்றுகளும் சாவனதுர்காவும் அதில் அடக்கம்.

பூமிக்குள் ஆழத்தில் அழுத்தத்தில் இறுகிய பாறை அது. மேலே இருந்த மண்ணும் கல்லும் அரித்துப்போனதும் பாரம் குறைந்து, வெங்காயத் தோல் போலத் தட்டுத் தட்டாக உரிய ஆரம்பிக்கிறது. அதனால்தான் இந்தக் குன்றுகள் வழுக்கைத் தலை மாதிரி உருண்டையாக இருக்கின்றன. உருண்டை என்பதால் மேலே சரிவு குறைவு, கீழே இறங்க இறங்கச் செங்குத்து. உச்சியிலிருந்து எந்தப் பக்கம் நடந்தாலும் முதல் நூறு அடி எளிதாகத்தான் தோன்றும். ரகு ஏமாந்தது இதில்தான்.

கால் வைக்கும்போது இரண்டைக் கவனியுங்கள். பாறையில் மேலிருந்து கீழாகக் கருப்புக் கோடுகள் ஓடும். அவை மழைநீர் வழியும் தடங்கள், பாசி படிந்து கருத்தவை. காய்ந்திருந்தால் பரவாயில்லை, ஈரமாக இருந்தால் சவர்க்காரம். இரண்டாவது, உரிந்த தட்டுகள். காலால் தட்டினால் உள்ளே பொள்ளல் சத்தம் வரும். அதன்மேல் பாரத்தைப் போடாதீர்கள்.

இரவுப்பறவை
புதன், இரவு 11.58

எல்லோரும் சேர்ந்து அந்தப் பையனைப் பயமுறுத்துகிறீர்கள். 2011-இல் நாங்கள் ஸ்கந்தகிரிக்கு ராத்திரி இரண்டு மணிக்கு ஏறுவோம். டார்ச் மட்டும். உச்சியில் உட்கார்ந்தால் மேகம் காலுக்குக் கீழே கடல் மாதிரி கிடக்கும். அந்தக் காட்சிக்காகத்தான் நான் இன்றுவரை மலை ஏறுகிறேன். இப்போது பதிவு, கட்டணம், எண்ணிக்கை வரம்பு. மலையை டிக்கெட் கொடுத்து விற்கிறார்கள். ஊர்க்காரர்களைக் கேட்டால் பின்பக்க வழி இருக்கிறது, இன்னமும் போகலாம். தம்பியை அங்கே கூட்டிப்போங்கள், வாழ்நாளில் மறக்க மாட்டான்.

நீலா ஜெயநகர்
வியாழன், காலை 9.10

அந்த மேகத்தை நானும் பார்த்திருக்கிறேன், உங்கள் ஏக்கம் புரிகிறது. ஆனால் புதிதாக வந்த ஒரு பெண்ணுக்குப் பின்பக்க வழியைச் சொல்லிக் கொடுப்பதை ஏற்க முடியாது. ஏதாவது நடந்தால் அவர்கள் மேலே இருப்பதே யாருக்கும் தெரியாது. 2022 பிப்ரவரியில் நந்திக்குப் பக்கத்துப் பிரம்மகிரியில் ஒரு 19 வயது மாணவன் தவறி விழுந்து பாறை இடுக்கில் மாட்டிக்கொண்டபோது, விமானப்படை ஹெலிகாப்டர் வந்துதான் தூக்கினார்கள். அவன் இருக்கும் இடத்தைப் போனில் சொல்ல முடிந்ததால் பிழைத்தான்.

மலையேறி மணி
வியாழன், காலை 9.45

இரவுப்பறவை, 2011-இல் அந்த மலையில் நானும் இருந்தேன். அன்றைக்கு மேலே மொத்தம் முப்பது பேர் இருந்திருப்போம். அப்புறம் ஒவ்வொரு சனிக்கிழமை ராத்திரியும் நூற்றுக்கணக்கில் வர ஆரம்பித்தார்கள். உச்சியில் நெருப்பு மூட்டினார்கள், பாட்டில் உடைத்தார்கள், பாட்டுப் பெட்டி வைத்தார்கள். சாவனதுர்கா, ராமநகரத்துக் காடுகளில் கரடியும் சிறுத்தையும் உண்டு. அவை நடமாடும் நேரத்தில்தான் நாம் டார்ச்சோடு போகிறோம்.

2024 ஜனவரி விடுமுறையில் மேற்குத் தொடர்ச்சி மலையின் குமார பர்வதத்தில் ஒரே நாளில் ஆயிரக்கணக்கானவர்கள் வரிசையில் நின்ற படத்தைப் பார்த்திருப்பீர்கள். அதற்குப் பிறகுதான் கர்நாடக வனத்துறை இணையப் பதிவு இல்லாத வழிகளை நிறுத்தி வைத்தது. இப்போது 'அரண்ய விஹாரா' என்ற தளத்தில் பதிவு செய்கிறோம். 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி உயிரிழந்தவர்களை நாம் மறந்துவிட முடியுமா? மேலே யார் இருக்கிறார்கள் என்று கீழே ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கட்டணம் அதற்குத்தான் என்று நினைத்துக் கட்டுகிறேன்.

இரவுப்பறவை
வியாழன், மதியம் 2.30

குரங்கணியைச் சொன்ன பிறகு பின்பக்க வழி பற்றி வாதாட மாட்டேன். அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், வாணி. ஆனால் ஒரு குறை இருக்கத்தான் செய்கிறது. பதிவு திறந்த சில நிமிடங்களில் சனி, ஞாயிறு இடங்கள் தீர்ந்துவிடுகின்றன. குழு நடத்துகிறவர்கள் மொத்தமாக எடுத்துவிடுகிறார்கள் என்பது என் சந்தேகம். இணையம் தெரியாத, ஆனால் பரம்பரையாக அந்த மலைக்குப் போய்வந்த ஆட்கள் என்ன செய்வார்கள்? அதற்கும் பதில் வேண்டும்.

தங்கவயல் தம்பி
வியாழன், மாலை 6.15

இது நியாயமான கேள்வி. அந்தரகங்கையில் அடிவாரத்துக் காசி விசுவநாதர் கோயிலுக்கும், நந்தி வாயிலிருந்து விழும் ஊற்றுக்கும் பதிவு கேட்பதில்லை, பக்தர்கள் எப்போதும்போல் வருகிறார்கள். மேலே குகைகளுக்கு ஏறுவதற்குத்தான் பதிவு. மற்ற இடங்களிலும் கோயில் வழியையும் மலை வழியையும் இப்படிப் பிரித்தால் ஊர்க்காரர்களுக்குச் சிக்கல் இருக்காது.

சைக்கிள் செல்வம்
வெள்ளி, காலை 7.30

வண்டி இல்லாதவர்களுக்கு: நந்திக்கு மெஜஸ்டிக் பேருந்து நிலையத்திலிருந்து காலையில் நேரடிப் பேருந்து உண்டு, ஆனால் எண்ணிக்கை குறைவு. அது தவறினால் சிக்கபள்ளாபுரம் பேருந்தில் ஏறி வழியில் இறங்கி ஆட்டோ பிடிக்கலாம். திரும்பும் வண்டியைப் போகும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சாவனதுர்காவுக்கு மாகடி வரை பேருந்து அடிக்கடி கிடைக்கும், அங்கிருந்து ஆட்டோதான். ஆட்டோக்காரர் நம்பரை வாங்கி, இத்தனை மணிக்குத் திரும்ப வாருங்கள் என்று சொல்லி அனுப்புங்கள்.

மாகளிதுர்கா யோசித்தால் ஒரு எச்சரிக்கை. வழி ரயில் பாதையை ஒட்டிப் போகிறது. வளைவில் தண்டவாளத்தில் நின்று படம் எடுக்கிறார்கள், ரயில் வருவது கடைசி நிமிடம்வரை தெரியாது. சாவனதுர்கா பக்கத்து மஞ்சனபெலே அணையிலும் குளிக்க இறங்காதீர்கள். அமைதியாகத்தான் தெரியும், ஆனால் அங்கே பல உயிர்கள் போயிருக்கின்றன.

நீலா ஜெயநகர்
வெள்ளி, மதியம் 12.05

தம்பிக்கு ராமநகரத்து ராமதேவர பெட்டாவும் நல்ல தேர்வு. படிகள், கோயில், கடைசியில் கொஞ்சம் பாறை. 2012-இல் பாறு (பிணந்தின்னிக் கழுகு) சரணாலயமாக அறிவித்த இடம். கருங்கழுத்துப் பாறு அந்தப் பாறை விளிம்புகளில் கூடு கட்டும். மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் வலி மருந்து, செத்த மாட்டைத் தின்றபோது உள்ளே போய், நாடு முழுக்க ஏறக்குறைய அழித்துவிட்ட பறவை, இங்கேயும் விரல்விட்டு எண்ணும் அளவுதான். சத்தம் போடாமல் ஏறுங்கள். பாறைகளில் மலைத்தேன் கூடுகள் தொங்கும், அதனால் சென்ட் அடித்துக்கொண்டு போக வேண்டாம்.

வேலூர் வாணி
அடுத்த திங்கள், இரவு 10.20

போய் வந்துவிட்டோம். எல்லோருக்கும் நன்றி. நடந்ததை எழுதுகிறேன்.

சனிக்கிழமை நந்தி. முதலில் போகநந்தீஸ்வரர் கோயில். நீலா அக்கா சொன்னது சரி, ஒன்றரை மணி நேரம் ஆகியும் அப்பா கிளம்பவில்லை. ஒவ்வொரு தூணாகத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். அதனால் படியேற ஆரம்பிக்கும்போதே ஒன்பதே முக்கால். மேகமூட்டம் காப்பாற்றியது. நூறு படிக்கு ஒரு தடவை நின்றோம். அங்கங்கே உட்கார்ந்து மோர் விற்கும் ஒரு அம்மாவிடம் அப்பா தமிழில் பேச, அவர் கன்னடத்தில் பதில் சொல்ல, இரண்டு பேருக்கும் எல்லாம் புரிந்தது. அவருக்கு முட்டிவலியாம், தினமும் இரண்டு தடவை ஏறி இறங்குகிறாராம். அதைக் கேட்டபிறகு அப்பா தன் முட்டியைப் பற்றிப் பேசவே இல்லை.

மேலே சேர இரண்டு மணி இருபது நிமிடம். கிழக்குப் பக்கச் சுவரோரம் கொண்டுபோய் நிறுத்தினேன். மூடுபனி விலகி விலகி வந்தது. கீழே தூரத்தில் சின்னச் சின்னதாக ஏரிகள் மின்னின. அப்பா அவற்றை எண்ணினார். ஒன்பது வரை எண்ணினார், அப்புறம் பனி மூடிவிட்டது. "தண்ணி இங்கேயே தங்கிடுதும்மா, நமக்கு எப்படி வரும்?" என்றார். அவர் குறையாகச் சொல்லவில்லை, கணக்கு போட்டுப் பார்த்த மாதிரி சொன்னார். இறங்கியது பேருந்தில்.

ஞாயிறு தம்பி. ராமதேவர பெட்டா என்று எவ்வளவோ சொன்னேன், கேட்கவில்லை. மணி அண்ணன் தன் நண்பர்களோடு சாவனதுர்கா போவதாகச் சொல்லி, பதிவில் எங்களையும் சேர்த்துக்கொண்டார். ஆறு ஐம்பதுக்கு ஏற ஆரம்பித்தோம். தம்பி முன்னால் ஓடினான், அண்ணன் அவனை அழைத்துக் கடைசியில் வரச் சொன்னார், "நீதான் இன்றைக்கு எண்ணிக்கை பார்க்கிற ஆள், ஒருத்தர் குறைந்தாலும் கத்து" என்று. அதற்குப்பிறகு அவன் வேகம் தானாகக் குறைந்தது.

இரண்டாவது கோட்டைச் சுவர் தாண்டியதும் மேற்கே மேகம் கருத்தது. காற்றின் வாசனை மாறியது. உச்சிக்கு இன்னும் அரை மணிதான். அண்ணன் உட்கார்ந்து இரண்டு நிமிடம் வானத்தைப் பார்த்தார். "இறங்கலாம்" என்றார். தம்பிக்கு முகமே தொங்கிப்போனது, எனக்கும் ஏமாற்றம்தான். எதிரே ஏறிக்கொண்டிருந்த ஒரு கும்பல் எங்களைப் பார்த்துச் சிரித்தது.

கோயிலுக்கு வந்து சேர்ந்து கால் மணி நேரத்தில் மழை கொட்டியது. பாறைப்பித்தன் சொன்ன அந்தக் கருங்கோடுகள் ஒவ்வொன்றும் வெள்ளை நீரோடையாக மாறியதைக் கீழே நின்று பார்த்தோம். மொத்த மலையும் வழிந்தது. எதிரே ஏறிய கும்பல் மேலே கோட்டைச் சுவரோடு ஒட்டி நிற்பது தெரிந்தது. மழை விட்டும் ஒன்றரை மணி நேரம் அவர்கள் நகரவில்லை. கடைசியில் பத்திரமாக இறங்கினார்கள், இரண்டு பேருக்கு முழங்கை தோல் உரிந்திருந்தது. தம்பி தன் பாட்டிலில் மிச்சம் இருந்த தண்ணீரை அவர்களிடம் கொடுத்துவிட்டு வந்தான். ரகு அண்ணா, உங்கள் ஆடு மேய்க்கும் பையன் கதையை முந்தின இரவுதான் அவனுக்குப் படித்துக் காட்டியிருந்தேன்.

ரகு மடிவாளா
திங்கள், இரவு 10.41

இதைப் படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. தம்பியிடம் சொல்லுங்கள், டிசம்பர் கடைசியில் மழை விட்டபிறகு நான் கூட்டிப்போகிறேன். அந்த நந்தியை நானும் இன்னொரு தடவை சரியாகப் பார்க்க வேண்டும்.

மலையேறி மணி
திங்கள், இரவு 11.10

நானும் வருகிறேன். அதே ஏழு மணி.

வேலூர் வாணி
செவ்வாய், காலை 7.20

அப்பா ஊருக்குக் கிளம்பும்போது ஒரு கேள்வி கேட்கச் சொன்னார். தங்கவயல் தம்பி, பேத்தமங்கலத்துக்கு எப்படி வருவது? பெங்களூர் வந்துதான் போக வேண்டுமா?

தங்கவயல் தம்பி
செவ்வாய், காலை 7.55

வேண்டியதே இல்லை அக்கா. காட்பாடியில் ரயில் ஏறினால் பங்காருப்பேட்டையில் இறங்கிவிடலாம். அங்கிருந்து தங்கவயல், தங்கவயலிலிருந்து பேத்தமங்கலத்துக்குப் பேருந்து இருக்கிறது. நவம்பர் கடைசியில் வரச் சொல்லுங்கள். மழை நன்றாகப் பெய்து ஏரி நிரம்பியிருந்தால் மறுகால் போவதைப் பார்க்கலாம். கிளம்புகிற நாளை இங்கே எழுதுங்கள், நான் ஸ்டேஷனுக்கு வந்து நிற்கிறேன்.